‘ரிடீம்’: அடகிலிருந்து திருப்புதல்



நம் எல்லாருடைய கைப்பேசிக்கும் அவ்வப்போது ஒரு குறுஞ்செய்தி வருகிறது. நீங்கள் சேர்த்திருக்கும் புள்ளிகள் இம்மாதக் கடைசியோடு காலாவதியாகிவிடும், உடனே ‘ரிடீம்’ செய்யுங்கள் என்று அது நம்மை அவசரப்படுத்துகிறது. கூப்பன், பரிசு அட்டை, கடன் பத்திரம், பரஸ்பர நிதி எனப் பணம் புழங்கும் இடங்களில் எல்லாம் இந்த ஆங்கில வினைச்சொல் இன்று சாதாரணமாகக் காதில் விழுகிறது. ஆங்கிலத் திருப்பலிக்குச் செல்வோர் இதே சொல்லைப் பெரிய வெள்ளியன்றும் பாஸ்கா திருவிழிப்பிலும் கேட்கிறார்கள். கிறிஸ்து நம்மை ‘ரிடீம்’ செய்தார், அவர் நம் ‘ரிடீமர்’ என்று அங்கே அறிக்கையிடப்படுகிறது. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கிறாரே, 1931-இல் திறந்துவைக்கப்பட்ட அந்தப் பெரிய சிலைக்கும் அதுதான் பெயர்.

கோவிலின் சொல்லைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டாரா, கடையின் சொல் கோவிலுக்குள் வந்ததா? இரண்டாவதுதான் உண்மை. அது எப்படி வந்தது என்று இன்று சிறிது நேரம் சிந்திப்போம். நாம் நாள்தோறும் ‘மீட்பு’ என்று சொல்லிச் செபிப்பதன் பொருள் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

‘ரிடீம்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு மூலம் ‘ரெதிமெரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதல் பகுதி ‘ரெத்’. திரும்ப, மறுபடியும் என்று பொருள்படும் ‘ரெ’ என்ற முன்னொட்டின் பழைய வடிவம் அது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது அந்தப் பழைய ‘த்’ ஒலி மறையாமல் நின்றுவிட்டது. இரண்டாம் பகுதி ‘எமெரே’, அதாவது விலைக்கு வாங்குதல். ஆகவே ‘ரெதிமெரே’ என்றால் திரும்ப வாங்குதல். அவ்வளவுதான் அதன் நேர்ப்பொருள்.

‘எமெரே’ என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் வாங்குதல் என்ற பொருள் கிடையாது. பழங்காலத்தில் அது வெறுமனே எடுத்தல் என்றே பொருள்பட்டதாக உரோமை இலக்கண ஆசிரியர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். கையால் எடுப்பது, பிற்பாடு காசு கொடுத்து எடுப்பதாக மாறியது. நாமும் துணிக்கடைக்குப் போய் வந்தால் ‘புடவை எடுத்தோம்’ என்றுதானே சொல்கிறோம்! இந்த ‘எமெரே’யின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பல இடங்களில் உண்டு. பலவற்றிலிருந்து மாதிரிக்காக ஒன்றை வெளியே எடுத்துக் காட்டுவது ‘எக்ஸாம்பிள்’. வரியிலிருந்தோ கடமையிலிருந்தோ ஒருவரை வெளியே எடுத்துவிடுவது ‘எக்ஸெம்ப்ட்’. காப்பீட்டுக்கு நாம் கட்டும் ‘பிரீமியம்’கூட இந்தக் குடும்பம்தான். பிறருக்கு முன்பாக எடுத்துக்கொள்ளும் பங்கு, அதனால் பரிசு என்பது அதன் பழைய பொருள். மாதந்தோறும் தவணை கட்டுகிறவர்களுக்கு அது பரிசாகத் தோன்றாது என்பது வேறு விஷயம்.

‘ரிடீம்’ என்பதற்கு உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. கடத்தப்பட்டவரை விடுவிக்கக் கொடுக்கும் பிணைத்தொகையை ஆங்கிலத்தில் ‘ரேன்ஸம்’ என்கிறார்கள். மீட்பு என்பதற்கான ‘ரெதெம்ப்சியோ’ என்ற இலத்தீன் பெயர்ச்சொல் பிரான்சு நாட்டுப் பொதுமக்களின் வாயில் பல நூற்றாண்டுகள் புழங்கித் தேய்ந்து, ‘ரேன்ஸம்’ ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. அதே சொல் ஏட்டு வழியாக வந்தபோது தேயாமல் ‘ரிடெம்ப்ஷன்’ என்றே நின்றது. ஒரு தாயின் இரு பிள்ளைகளில் ஒருவர் தெருவில் வளர்ந்தார், மற்றவர் விடுதியில் தங்கிப் படித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ‘ரிடீம்’ ஆங்கிலத்தில் வேரூன்றியது 15-ஆம் நூற்றாண்டில். அதற்குச் சற்று முன்பு, 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், தம் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று யோபு அறிக்கையிடும் இடத்தில், ‘அயென்பையர்’ என்றொரு சொல் இருக்கிறது. ‘திரும்ப வாங்குபவர்’ என்று இலத்தீனை அப்படியே பிட்டுவைத்த நாட்டுச் சொல் அது. பின்னர் வந்த ‘ரிடீமர்’ அதை ஓரங்கட்டிவிட்டது. நமக்கென்னவோ அந்தப் பழைய சொல் மறைந்தது இழப்பாகவே தோன்றுகிறது. அதைக் கேட்கிற எவருக்கும் பொருள் நேராகப் புரிந்திருக்குமே!

இலத்தீனில் மீட்பரைக் குறிக்கும் ‘ரெதெம்ப்தோர்’ என்ற சொல்லுக்குக் கிறிஸ்தவர்கள் அதை எடுத்துக்கொள்வதற்கு முன்பு என்ன பொருள் தெரியுமா? ஒப்பந்தக்காரர். கோவில், பாலம், சாலை போன்ற வேலைகளை விலை பேசி எடுத்துச் செய்து முடிக்கும் கான்ட்ராக்டர். பெருமைக்குரிய பட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. நற்செய்தியை இலத்தீனில் சொல்ல வந்தவர்கள் சந்தையிலும் வழக்காடு மன்றத்திலும் கிடந்த சொல்லைக் கூச்சப்படாமல் எடுத்து ஆண்டவருக்குச் சூட்டினார்கள்.

தமிழுக்கு வருவோம். நம் பாட்டன் பாட்டிமார் ‘இரட்சகர்’, ‘இரட்சணியம்’ என்று செபித்தார்கள். அது காத்தல் என்று பொருள்படும் வடமொழிச் சொல். இன்று நாம் பயன்படுத்தும் ‘மீட்பர்’ வேறொரு கோணத்தில் பேசுகிறது. மீள்வது என்றால் திரும்பி வருவது. மீட்பது என்றால் திரும்பி வரச் செய்வது. இலத்தீனின் ‘ரெத்’ தமிழ்ச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. இந்தச் சொல்லுக்கும் வீட்டில் ஒரு புழக்கம் உண்டு. பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அடகு வைத்த நகையைப் பற்றி ‘மீட்டாச்சா?’ என்று கேட்கிறோம். ‘அடுத்த மாதம் திருப்பணும்’ என்கிறோம். குறித்த காலத்துக்குள் திருப்ப முடியாமல் வட்டி ஏறி நகை ஏலத்துக்குப் போய்விட்டால் ‘மூழ்கிப்போச்சு’ என்று சொல்லிக் கண் கலங்குகிறோம்.

அடகுக் கடையில் நடப்பதைச் சற்று நின்று பார்ப்போம். புது நகை வாங்கப் போகிறவர் எடை, தரம், செய்கூலி, சேதாரம் எல்லாம் பார்ப்பார். விலை கட்டுபடியாகாவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். அடகிலிருந்து திருப்பப் போகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. அது தன் தாய் கழற்றிக் கொடுத்த சங்கிலி. வட்டியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்தப் பணத்துக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். வாங்குவது பொருளின் மதிப்பைப் பார்த்து நடக்கிறது. திருப்புவது, அது நம்முடையது என்பதற்காக நடக்கிறது. தன்னுடையதாக என்றுமே இருந்திராத ஒன்றை எவரும் திருப்ப முடியாது. அந்தச் சொல்லே இடம் கொடுக்காது.

ஆண்டவர் நம்மை மீட்டார் என்று சொல்லும்போது, அதற்கு முன்பே நாம் அவருடையவர்களாக இருந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பாவத்தில் விழுந்து, பல ஆண்டுகளாக ஒப்புரவு அருளடையாளத்தின் பக்கமே வராமல், ‘நான் மூழ்கிப்போனவன், இனி எனக்கென்ன இருக்கிறது?’ என்று ஒதுங்கி நிற்கும் சகோதரர் சகோதரிகள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். தாங்கள் மதிப்பில்லாதவர்கள், ஆகவே ஆண்டவர் தங்களைத் தேட மாட்டார் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது புது நகை வாங்குபவரின் கணக்கு. அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் உரிமையாளரின் கணக்கு வேறு.

பழைய ஏற்பாட்டில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. மீட்டலுக்கு எபிரேய மொழியில் இரண்டு வினைச்சொற்கள் முக்கியமானவை. விலை கொடுத்து விடுவிப்பதைச் சொல்வது ‘பாதா’. மற்றொன்றான ‘காஅல்’ உறவின் சொல். ஒருவர் வறுமையால் நிலத்தை விற்றுவிட்டால் அதைத் திரும்ப வாங்கிக் கொடுக்கவும், அவர் தம்மையே அடிமையாக விற்க நேர்ந்தால் அவரை மீட்டுக் கொண்டுவரவும் நெருங்கிய உறவினருக்குப் பொறுப்பு உண்டு என்று லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் விதிக்கிறது. அந்த முறை உறவினருக்குப் பெயர் ‘கோஏல்’. யோபு தம் துன்பத்தின் நடுவே நம்பியிருப்பது இந்தக் கோஏலைத்தான்.

கோஏலின் வேலை எப்படிப்பட்டது என்பதை ரூத்து நூலின் 4-ஆம் அதிகாரத்தில் காணலாம். நகோமியின் குடும்ப நிலத்தை மீட்கும் முதல் உரிமை போவாசுக்கு இல்லை, அவரைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். ஊர் வாயிலில், பெரியவர்கள் முன்னிலையில் போவாசு அவரிடம் பேசுகிறார். நிலம் என்றவுடன் அந்த மனிதர் சரி என்கிறார். நிலத்தோடு மோவாபியப் பெண்ணான கைம்பெண் ரூத்தையும் ஏற்க வேண்டும், இறந்தவரின் பெயரை அந்தச் சொத்தில் நிலைநாட்ட வேண்டும் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார். தம் சொந்தச் சொத்துக்குக் கேடு வரும் என்று காரணமும் சொல்கிறார். பொய்யான காரணம் அன்று, கேடு வரத்தான் செய்யும். மிதியடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் கதையை விட்டே போய்விடுகிறார். நூல் அவருடைய பெயரைக்கூடக் குறிக்கவில்லை. போவாசு அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்கிறார். அந்த வழிமரபில் தாவீது வந்தார், தாவீதின் குலத்தில் நம் ஆண்டவர் வந்தார்.

சரி, விலை கொடுத்து மீட்டார் என்றால் அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? மறைக்கல்வி வகுப்பில் துடிப்பான பிள்ளை யாராவது ஒருநாள் இதைக் கேட்கத்தான் செய்யும். திருஅவையின் தந்தையரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். நாம் அலகையின் பிடியில் இருந்தோம், ஆகவே விலை அலகைக்கே போனது என்று 3-ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் எண்ணினார். நீசா நகர் புனித கிரகோரியார், தூண்டில் முள்ளை மறைக்கும் இரைபோல இறைத்தன்மை மனித உடலுக்குள் மறைந்திருந்தது, அலகை விழுங்கி மாட்டிக்கொண்டது என்று உவமை சொன்னார். 4-ஆம் நூற்றாண்டிலேயே மற்றொரு கிரகோரியார், நசியான்சு நகர் புனிதர், தமது பாஸ்கா மறையுரை ஒன்றில் இதைக் கடுமையாக மறுத்தார். திருடனுக்குக் கடவுளே விலையாகக் கிடைப்பதா என்பது அவருடைய கேள்வி. அப்படியானால் தந்தைக்கா என்றால், நம்மைச் சிறைப்பிடித்தவர் தந்தை இல்லையே, ஈசாக்கின் பலியைக்கூட ஏற்காத தந்தை தம் மகனின் இரத்தத்தில் மகிழ்வாரா என்று மறுபடியும் கேட்டார். பின்னாளில், 1098-இல் புனித ஆன்செல்ம் எழுதி முடித்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலும் இதே கேள்வியோடு நெடுநேரம் மல்லுக்கட்டுகிறது.

நாம் நசியான்சு கிரகோரியாரின் பக்கம் சாய்கிறோம். உவமைக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு அப்பால் அதை இழுத்தால் கிழிந்துவிடும். விடுதலைப்பயண நூல் ஆண்டவர் இஸ்ரயேலை மீட்டதாகச் சொல்கிறது. பார்வோனுக்கு ஒரு காசும் போகவில்லை. பாபிலோனில் இருந்த மக்களிடம், பணம் இல்லாமலே நீங்கள் மீட்கப்படுவீர்கள் என்ற கருத்தை எசாயா நூலின் 52-ஆம் அதிகாரம் வைக்கிறது. விலை என்ற சொல் மீட்பவருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்கிறது. அதை வாங்கிப் பையில் போட்டவர் யார் என்று தேடுவது அந்தச் சொல்லின் வேலை இல்லை. இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. தந்தையாகிய கடவுளைக் கந்துவட்டிக்காரராகவும், மகனின் இரத்தத்தைத் தவணைப் பணமாகவும் கற்பனை செய்துகொண்டு, வீட்டில் ஒரு சாவோ நோயோ வந்தால் ‘கடவுள் வசூலிக்கிறார்’ என்று நடுங்கும் நல்ல கத்தோலிக்கர்கள் நம்மிடையே உண்டு. அந்த நடுக்கத்தை ‘மீட்பு’ என்ற சொல்லின் மீது ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

உரோமைச் சட்டம் இதற்கு ஓர் எதிர்ப்படத்தைக் காட்டுகிறது. போரில் எதிரியிடம் சிறைப்பட்ட உரோமைக் குடிமகன் சட்டப்படி அடிமை ஆகிவிடுவார். தப்பி வந்து நாட்டின் வாசற்படியை மிதித்தால் இழந்த உரிமைகள் திரும்பக் கிடைக்கும். ஆனால் வேறொருவர் பணம் கொடுத்து அவரை மீட்டிருந்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை மீட்டவரின் பிடியில் ஓர் அடகுப் பொருள்போல அவர் இருக்க வேண்டும். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் ஹொனோரியுஸ் இதற்கு வரம்பு கட்டினார். பணம் கொடுக்க முடியாதவர் 5 ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று சட்டம் செய்தார். எதிரியின் அடிமை, மீட்டவரின் கடனாளியாக மாறினார். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், நீங்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் என்று இருமுறை நினைவூட்டுகிறார். சந்தையில் வாங்குவதற்கான கிரேக்கச் சொல்லையே அங்கே பயன்படுத்துகிறார். ஆனால் 7-ஆம் அதிகாரத்தில் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு, ஆகவே எந்த மனிதருக்கும் அடிமையாகிவிடாதீர்கள் என்பது. உரோமைச் சட்டம் படித்த ஒருவருக்கு இது விசித்திரமாகவே கேட்டிருக்கும்.

இதை வெறும் சொல்லாக வைத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள். 378-ஆம் ஆண்டு அட்ரியானோபிள் போரில் உரோமைப் படை கோத் இனத்தாரிடம் படுதோல்வி அடைந்தது. ஏராளமானோர் சிறைப்பட்டு விற்பனைக்கு வந்தார்கள். மிலான் ஆயர் புனித அம்புரோஸ், ஆலயத்தின் பொன் வெள்ளித் திருக்கலங்களை உடைத்து உருக்கி அவர்களை மீட்டார். ஆரியுசின் தப்பறையைப் பின்பற்றியோர் இதைக் குற்றமாகத் தூற்றினார்கள். ‘பணியாளர்களின் கடமைகள்’ என்ற தமது நூலில் அவர் பதில் எழுதினார். திருஅவையிடம் பொன் இருப்பது பூட்டி வைப்பதற்காக இல்லை, தேவையில் இருப்போருக்குச் செலவிடுவதற்காக. உலோகக் கலங்களைக் காப்பதைவிட உயிருள்ள கலங்களைக் காப்பது மேல் என்பது அவருடைய வாதம். கிறிஸ்துவின் இரத்தம் பாவத்திலிருந்து மீட்டவர்களை, அந்த இரத்தத்தை ஏந்திய கிண்ணம் பகைவரிடமிருந்து மீட்கிறது. கிண்ணத்துக்கு இதைவிடச் சிறப்பு வேறென்ன என்றும் கேட்டார்.

1198-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அங்கீகரித்த மூவொரு கடவுள் சபையினர், மத்தா நகர் புனித யோவானின் வழியில், தங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறைப்பட்டோரை மீட்பதற்கென்றே ஒதுக்கினார்கள். 1218-இல் பார்சலோனாவில் புனித பேதுரு நொலாஸ்கோ தொடங்கிய இரக்கத்தின் அன்னை சபையினர் வழக்கமான மூன்று வாக்குறுதிகளோடு நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். தேவைப்பட்டால் கைதியின் இடத்தில் தாங்களே பிணையாக நிற்பது என்பது அது. 1575-இல் கடலில் சிறைபிடிக்கப்பட்டு அல்ஜியர்சுக்குக் கொண்டுபோகப்பட்டார் ஓர் இஸ்பானியப் படைவீரர். உடன் சிக்கிய தம்பியை இரக்கத்தின் அன்னை சபையினர் 1577-இல் மீட்டார்கள், அண்ணனுக்குப் பணம் போதவில்லை. தாயும் சகோதரியும் வீட்டில் திரட்டிய தொகையோடு மூவொரு கடவுள் சபைத் துறவி ஹுவான் கில் சென்று, குறைந்ததைப் பிறரிடம் திரட்டி, 500 பொற்காசுகள் கொடுத்து 1580 செப்டம்பரில் அவரை விடுவித்தார். கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்படும் கப்பலில் அவரை ஏற்றியாகிவிட்டிருந்த நேரம் அது. 1605-இல் ‘டான் குயிக்சோட்’ நாவலை வெளியிட்ட செர்வான்டஸ்தான் அவர். 1616-இல் மாட்ரிட்டில் இறந்தபோது, தம்மை மீட்ட சபையின் கன்னியர் மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நம் செய்தித்தாள்களிலும் ‘மீட்பு’ என்ற சொல் வந்துகொண்டுதான் இருக்கிறது. செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள் என்று படிக்கிறோம். முன்பணமாக வாங்கிய சில ஆயிரம் ரூபாய்க்காகக் குடும்பத்தோடு கட்டுண்டவர்கள் அவர்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அவர்களுடைய கடன் முழுவதும் அற்றுப்போகிறது. முதலாளிக்கு ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. அதிகாரி அவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் தருகிறார். லேவியர் நூலில் மீட்கப்பட்டவர் தம் நிலத்துக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்புகிறார். இவர்களில் பலருக்குத் திரும்பிப் போக நிலமும் இல்லை, வேலையும் இல்லை. மறுபடியும் முன்பணம் வாங்கி இன்னொரு சூளைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு குடும்பம் நம் பங்கின் எல்லைக்குள் வந்து சேர்ந்தால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்கவும், வங்கிக் கணக்கு தொடங்கவும், உதவித்தொகைக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை நடக்கவும் அவர்களோடு கூடப் போக உறவினர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் தேவைப்படுவார்.